மழைக்கு ஊதிய விசில்

குரூப்பில் சில நாளாக நீங்கள் போட்டுக்கொண்டிருக்கும் சண்டையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கோ கடல் தாண்டி ஓர் ஊரில் ஒரு கால்பந்து கிளப். அதன் ஓனர் மேனேஜரை வேலையை விட்டுத் தூக்கிவிட்டான். அது சரியா தப்பா என்று, பேரன் பேத்தி எடுத்துவிட்ட நம் வகுப்பு ஆட்கள், முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே பொழுதெல்லாம் மெசேஜ் தட்டுகிறீர்கள். ஒருத்தர் ஓனரைக் கொள்ளைக்காரன் என்கிறார். இன்னொருத்தர், தோற்றுக்கொண்டே இருக்கிறவனை வைத்து அழகு பார்க்கவா முடியும் என்கிறார். டீக்கடைக்காரர் மகன் மட்டும், அப்பாவை உரித்து வைத்த மாதிரி, இரண்டு கட்சிக்கும் பேசிவிட்டுக் கடைசியில் 'ரசிகர்கள் ஒண்ணா சேர்ந்து குரல் கொடுத்தா எந்த ஓனரும் பணிஞ்சுதான் ஆகணும்' என்று முடித்திருக்கிறார். அதற்கு ஆளாளுக்குக் கைதட்டல் வேறு.

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். பூப்படமும் காலை வணக்கமும் தவிர வேறெதுவும் போடாதவள் இவ்வளவு நீளத்துக்கு எழுதுகிறாளே என்று பயப்படாதீர்கள். நடுவில் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தும் படிக்கலாம்.

நம் ஊரிலும் ஓர் ஓனர் இருந்தார், ஒரு மேனேஜரும் இருந்தார். ஓனரை நாம் முதலாளி என்றோம். மேனேஜரை மேஸ்திரி என்றோம். அந்த மேஸ்திரி என் அப்பா.

முதலாளிக்கு ஊரின் கிழக்கே பார்வைக்கு எட்டும் மட்டும் உப்பளம். இன்னொரு அளக்காரர் கோயிலுக்குத் தேர் செய்து கொடுத்துப் பேர் வாங்கியிருந்தார். நம் முதலாளி அதற்குப் போட்டியாக ஒரு கால்பந்து டீம் வைத்தார். பச்சை ஜெர்சி, முதுகில் நம்பர், புதுச்சேரியில் தைத்தது. ஆடினவர்கள் எல்லாரும் அவருடைய அளத்தில் உப்பு வாருகிறவர்கள். அப்பா சின்ன வயதில் புதுச்சேரியில் ஒரு மில் டீமில் ஆடியவர். முட்டி போனபின் ஊருக்குத் திரும்பி அளத்தில் சேர்ந்து மேஸ்திரி ஆனார். காலையில் பன்னிரண்டு மணிவரை உப்பு வார வைப்பார். வெயில் தாழ்ந்ததும் அதே ஆட்களைப் பந்து உதைக்க வைப்பார். அளத்து ஓரத்தில் மேஸ்திரிக்கென்று ஓட்டு வீடு ஒன்று கொடுத்திருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் அங்கேதான் இருந்தோம். வேலை இருக்கும்வரை வீடு. அதை அப்போது யாரும் எனக்குச் சொன்னதில்லை. எங்கள் வீடு என்றே நினைத்திருந்தேன்.

அப்பா கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளை விசில் தொங்கும். அந்த விசிலை உங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். ஆனால் உங்களில் அளத்துக்குப் போகாத வீட்டுப் பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்காகச் சொல்கிறேன். வாரின உப்பை வரப்பின் மேல் குவித்து வைப்பார்கள். வண்டி வருகிற வரைக்கும் அது அங்கேயே கிடக்கும். நடுவில் ஒரு மழை அடித்தால் போச்சு, மாசக்கணக்கில் பட்ட பாடு தண்ணீராக ஓடி வாய்க்காலில் சேர்ந்துவிடும். அதனால் மேகம் கறுத்தால் மேஸ்திரி விசில் ஊதுவார். மூச்சு தீரும்வரை நீளமாக, திரும்பத் திரும்ப. அது கேட்டால் சோறு தின்கிறவன் தட்டை வைத்துவிட்டு ஓட வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஓடிப்போய் குவியலின் மேல் தென்னங்கீற்றை அடுக்கி மூட வேண்டும். ஏன் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். கால் தானாக ஓடும்.

நான் சொல்ல வந்தது நடப்பதற்கு முந்தின வருஷம் ஒரு நாள் அப்பா ஊதத் தாமதித்துவிட்டார். மேகம் வடக்கே போய்விடும் என்று நம்பினார். போகவில்லை. பாதி உப்பு கரைந்தது. முதலாளி வரப்பின் மேல் நின்று, ஆண் பெண் அத்தனை பேர் எதிரிலும், அப்பாவைக் கேட்ட கேள்வியில் என் அம்மா அன்னக்கூடையைத் தலையில் கவிழ்த்து முகத்தை மறைத்துக்கொண்டாள். கடைசியாக அவர் சொன்னது எனக்கு அப்படியே மனப்பாடம்.

"மேகம் கறுத்தா ஊதிடணும்யா. என்ன ஏதுன்னு யோசிக்கிற வேல ஒனக்கு இல்ல. நானே செத்துக் கெடந்தாலும் சரி, மொதல்ல ஊது, அப்பறம் வந்து அழுவு."

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதா கோயில் திருவிழாவுக்கு நடக்கும் கப் போட்டியில் அந்த வருஷம் நம் டீம் ஃபைனலுக்கு வந்தது. அதற்கு முன் வந்ததே இல்லை. எதிரே மில் டீம், அப்பா ஒரு காலத்தில் ஆடிய அதே மில். முதலாளி அன்றைக்கு அளத்துக்கு லீவு விட்டார். முதல் நாள் வாரின உப்பெல்லாம் மூடாமல் வரப்பில் வெள்ளை வெள்ளையாக நின்றது. வானம் சுத்தமாக இருந்தது, யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

மைதானத்தின் மணம் என் மூக்கில் இன்னமும் இருக்கிறது. கோட்டுக்குப் போட்ட சுண்ணாம்பு, மிளகாய் பஜ்ஜி, கோயிலிலிருந்து வந்த சாம்பிராணி, இவற்றுக்கெல்லாம் கீழே நம் ஊரின் அந்த உவர் சேற்று வாடை. அம்மா தண்ணீர்ச் சொம்போடு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் மடியில் சாய்ந்திருந்தேன். கோல் போஸ்டில் என் தாய்மாமா நின்றார். அம்மாவுக்கு ஒரே தம்பி. ஊருக்கே அவர் கோலி, எனக்குக் கோலி மாமா. பந்தைப் பிடித்தால் அதைக் கீழே விடாமல் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் எறிவார். முதலாளியும் சிறப்பு விருந்தினரும் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கக் கூடாதென்று பந்தலின் முதுகை மேற்குப் பக்கம் கட்டியிருந்தார்கள். பந்தலில் இருந்தவர்களுக்கு மைதானம் தெரியும், மாதா கோயில் தெரியும், கடல் பக்கத்து வானம் தெரியும். மேற்கு தெரியாது. இது எனக்கு உறைக்கவே எத்தனையோ வருஷம் ஆயிற்று.

ஒரு கோல் போட்டு நாம் முன்னால் இருந்தோம். நீங்களெல்லாம் கோட்டை மீறி உள்ளே வந்து வந்து துரத்தப்பட்டுக்கொண்டிருந்தீர்கள். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்போது திண்டிவனம் பக்கத்திலிருந்து மேகம் ஏறியது.

அப்பாதான் முதலில் பார்த்தார். பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மேற்கே பார்த்து நின்றார். பிறகு பந்தலைப் பார்த்தார். கையைத் தூக்கி வானத்தைக் காட்டினார். முதலாளி சிரித்த முகமாகக் கையை ஆட்டி, உட்காரு உட்காரு என்று காட்டினார். என்ன நினைத்தாரோ, கடவுளுக்கு நேர்ந்துகொள்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ. அப்பா இன்னொரு தரம் காட்டினார். முதலாளி அந்தப் பக்கம் திரும்பி விருந்தினர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். காற்று திரும்பியது. பந்தல் துணி படபடவென்று அடித்தது. அப்பா விசிலை எடுத்தார், வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு வைத்தார்.

ஊதினார்.

நம் சென்டர் ஃபார்வர்டு அப்போது மில் டீம் கோலுக்கு எதிரே தனியாக இருந்தான். காலடியில் பந்து. அடித்திருந்தால் இரண்டாவது கோல். விசில் கேட்டதும் பந்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். பின்னாலேயே அத்தனை பச்சை ஜெர்சியும் ஓடியது. கோலி மாமா கோலை அம்போவென்று விட்டுவிட்டு ஓடினார். சுற்றி நின்ற ஜனம் ஓடியது. என் அம்மா சொம்பை என் கையில் திணித்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். கண் மூடித் திறப்பதற்குள் மைதானத்தில் மில் டீம் ஆட்களும் ரெஃபரியும் ஃபாதரும் பந்தலில் இருந்த பெரிய மனிதர்களும்தான் மிச்சம். மில் பையன் ஒருவன் பயந்துபோய், "யாராவது கடல்ல முழுகிட்டாங்களா?" என்று என்னைக் கேட்டான். பந்து தன் போக்கில் உருண்டுபோய்க் கோட்டுக்கு வெளியே நின்றது.

மழை வரவில்லை.

நானும் சொம்போடு அளத்துக்கு ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் குவியல் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். அப்படி ஒரு வேகத்தில் அவர்கள் வேலை செய்து நான் பார்த்ததில்லை. எல்லாரும் இடுப்பில் கை வைத்து நின்று மேகத்தையே பார்த்தோம். அது நம் தலைக்கு மேல் வரைக்கும் வந்து, அப்படியே வடக்கே ஒதுங்கிப் போனது. ஒரு சொட்டு இல்லை. பிறகு அடிவானத்தில் வெயில்கூட வந்தது. யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். கோலி மாமா ஜெர்சியைக் கழற்றிப் பிழிந்து, "மழ வரல, வேர்வதான் வந்துச்சு" என்றார். அப்பா சிரிக்கவில்லை. மைதானத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே விருந்தினர் கப்பை மில் டீமுக்குக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டிருந்தார்.

முதலாளியின் ஜீப் வந்தது. அவர் இறங்கி வரப்பில் நடந்தார். ஒரு குவியலில் கீற்றைத் தூக்கி, உள்ளே கையை விட்டு உப்பை அள்ளிப் பார்த்தார். காய்ந்த உப்பு. அதைக் கீழே போட்டார்.

"எங்கய்யா என் கப்பு?"

"மேகம் கறுத்துச்சுங்க மொதலாளி. போன வருஷம் நீங்கதான் சொன்னீங்க…"

"போன வருஷம் மழ வந்துச்சுய்யா. இந்த வருஷம் வந்துச்சா?"

"ரெண்டு தபா கைய காமிச்சேனுங்க."

"நான் ஒக்காருன்னு காமிச்சேன்ல? அந்தாளு எதிர்ல, ஊரு எதிர்ல, என்ன வெறும் நாற்காலியோட ஒக்கார வெச்சிட்டு வந்துட்டல்ல நீ." அவர் குரல் உடைந்திருந்தது. அது கோபம் மட்டும் இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு அவரும் அழுகிற நிலையில் இருந்தார். "டீமுக்கும் நீ வேணாம். அளத்துக்கும் நீ வேணாம். விசில குடு."

அப்பா கயிற்றைத் தலைவழியாகக் கழற்றிக் கொடுத்தார். அவர் கழுத்தில் கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

அன்றிலிருந்து டீக்கடையில் ஒரே விவாதம். இப்போது குரூப்பில் நீங்கள் செய்கிறீர்களே, அதற்கு ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இடது பெஞ்சு அப்பா கட்சி, வலது பெஞ்சு முதலாளி கட்சி. சர்க்கரை வாங்கப் போகும்போதெல்லாம் என் காதில் விழும்.

"மழ வந்திருந்தா மேஸ்திரிக்கு மால போட்டிருப்பாருய்யா மொதலாளி."

"அதான் வரலியே."

"வராதுன்னு அப்ப ஒனக்குத் தெரியுமா?"

"ஏம்பா, கோச்சுன்னா மேட்ச்ச பாக்கணும். வானத்தப் பாக்கறதுக்கு வேற ஆள வெக்கணும்."

"அத மொதலாளிகிட்ட போய்ச் சொல்லேன். ரெண்டுக்கும் ஒரே ஆள வெச்சது யாரு?"

என்னைக் கண்டதும் இரண்டு பெஞ்சும் வாயை மூடிக்கொள்ளும். டீக்கடைக்காரர் பாட்டிலிலிருந்து ஒரு பொறை பிஸ்கட்டை எடுத்து என் கையில் கொடுப்பார். அதற்கு அவர் காசு வாங்கியதே இல்லை. பாசம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன், அவ்வளவு பாசம் இருந்தது. அப்பா ஊதியது சரியா என்று அலசினார்கள், யாரை எந்த இடத்தில் இறக்கியிருக்க வேண்டும் என்று அலசினார்கள், முதலாளிக்குப் பந்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் உலை வைத்தார்களா என்று மட்டும் இரண்டு பெஞ்சிலும் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை முதலாளியம்மா அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

"அவருக்கு ஆத்திரம் வந்தா அப்டித்தான், ஒனக்குத் தெரியாததா? மேஸ்திரி இல்லாம அளம் நடக்காதுன்னு அவருக்கே தெரியும். தை பொறந்து பாத்தி மிதிக்க ஆரம்பிக்கறப்ப கூப்ட்டு அனுப்புவாரு. அதுவரிக்கும் ஊட்ட காலி பண்ண வேணாம்னு சொல்லச் சொன்னாரு."

அம்மா கும்பிட்டாள்.

"ஆனா ஒண்ணு. மேஸ்திரி அதுவரிக்கும் கிரவுண்டு பக்கம் வரக்கூடாது, டீக்கடையில ஒக்காந்து பேசக்கூடாது. இந்தப் பேச்சு வெளிய போவவும் கூடாது. ஊரு சொல்லித்தான் திருப்பி எடுத்தாருன்னு ஒரு பேரு வந்துட்டா, எங்கூட்டுக்காரு அப்பறம் இந்தப் பக்கமே திரும்ப மாட்டாரு. நான் சொல்லியும் கேக்க மாட்டாரு."

"ஒருத்தர்கிட்டயும் மூச்சு வுட மாட்டோம்மா."

முதலாளியம்மா போனதும் அம்மா என்னைக் கதவுக்குப் பின்னாலிருந்து இழுத்தாள். "வெளிய சொன்ன, நாக்க இழுத்து வெச்சு சூடு போட்டுடுவேன்" என்றாள். என் அம்மா சொன்னால் செய்கிறவள். நான் யாரிடமும் சொல்லவில்லை. தன் தம்பியிடம்கூட அவள் சொல்லவில்லை. கோலி மாமாவிடம் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும்.

மழைக்காலம் வந்தது. அளம் முழுக்கத் தண்ணீர் நின்றது. அது வடிந்து, தையில் பாத்தியை மிதித்து இறுக்கினால்தான் மறுபடி உப்பு வேலை. அப்பா கழுவெளிச் சதுப்புப் பக்கம் போய் நண்டு பிடித்து வருவார், அம்மா அதைத் தெருவில் விற்பாள். மற்ற நேரமெல்லாம் அப்பா வீட்டை விட்டு நகரவில்லை. டீக்கடைக்குப் போகவில்லை. யாராவது கூப்பிட்டால் தலைவலி என்பார். தை பிறக்க வேண்டும் என்று காத்திருந்தார், அவ்வளவுதான். ஆனால் ஊர் அதை எப்படிப் படித்தது தெரியுமா? மேஸ்திரி மனசு உடைந்து மூலையில் உட்கார்ந்துவிட்டார் என்று படித்தது. கோலி மாமா ஒரு நாள் நனைந்துகொண்டே வந்தார்.

"மாமா, ஒரு வார்த்த சொல்லுங்க. டீம்ல ஒருத்தனும் பந்த தொட மாட்டோம்."

"அதெல்லாம் வேணாம்டா. ஆடு. நல்லா ஆடு."

"ஒங்கள இப்டி ஒக்கார வெச்சிட்டு எப்டி மாமா ஆடறது?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள். நான் என் காலைப் பார்த்தேன். மூன்று பேருக்கும் விஷயம் தெரியும், மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக டீக்கடைக்குப் போய், "இந்த நெலமையிலயும் நல்லா ஆடுன்னு சொல்றாருய்யா எங்க மாமா" என்று சொல்லி அழுதாராம். அன்றைக்குத்தான் வலது பெஞ்சு காலியானது. எல்லாரும் இடது பெஞ்சுக்கு வந்துவிட்டார்கள்.

காணும் பொங்கலன்று மைதானத்தில் மேட்ச். முதலாளி புதுக் கோச்சாக ஒரு பி.டி. வாத்தியாரைக் கொண்டுவந்திருந்தார். அப்பாவுக்கு மைதானம் பக்கம் போகத் தடை, அதனால் நாங்களும் போகவில்லை. பாத்தி மிதிக்க இன்னும் சில நாள்தான் இருந்தது. வீட்டில் அப்படி ஒரு அமைதி. அம்மா நெடுநாளைக்குப் பிறகு பலகாரம் சுட்டாள். அப்பா வாசலில் உட்கார்ந்து, அளத்துக்கு எடுத்துப் போகும் மரப்பலகைக்குப் புதுப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது காற்றில் அந்தச் சத்தம் வந்தது. முதலில் புரியவில்லை. அலைச் சத்தம் என்று நினைத்தேன். பிறகு தெளிவாகக் கேட்டது.

"மேஸ்திரி வேணும்! மேஸ்திரி வேணும்!"

அது நீங்கள். உங்கள் அப்பாக்கள், உங்கள் அண்ணன்கள், பிறகு நீங்கள். என் கூடப் படித்த அத்தனை பேரின் குரலும் அதில் இருந்திருக்கும்.

அப்பா கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பயப்படுவார் என்று நினைத்தேன். அவர் பயப்படவில்லை. அவர் முகம் மலர்ந்தது. அந்த மாதிரி ஒரு முகத்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். மைதானத்தில் ஆட்டம் நின்றுபோயிருந்தது. கோலி மாமா கோல் போஸ்டுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்களும் ஆங்காங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஜனமெல்லாம் முதலாளியின் நாற்காலியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. முதலாளி எழுந்து நின்றார். அம்மா கூட்டத்துக்குள் பாய்ந்து, "வாய மூடுங்கடா! டேய், ஒங்க கால்ல வுழறேன், வாய மூடுங்கடா!" என்று கதறினாள். யாருக்குக் கேட்டது? மேஸ்திரி பெண்டாட்டி அழுகிறாள் என்பது மட்டும்தான் தெரிந்தது. அதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் உரக்கக் கத்தியது. டீக்கடைக்காரர் துண்டைச் சுழற்றினார். அம்மா கோல் போஸ்ட் வரைக்கும் போய் மாமாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். மாமா சிரித்தபடி, "அழுவாதக்கா, மாமாவ வாங்கிக் குடுத்துட்டுத்தான் எழுந்திருப்பேன்" என்றார்.

முதலாளி அம்மாவைப் பார்த்தார். ஒரு நொடிதான். நாங்கள்தான் சொல்லிக் கத்த வைத்தோம் என்று நினைத்தாரா, இல்லை எல்லாம் தெரிந்தும் இனி இறங்கிவர முடியாது என்று நினைத்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். ஜனம் விசிலடித்து ஆடியது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்கள்.

அடுத்த சில நாளில் பாத்தி மிதிக்க ஆரம்பித்தார்கள். எங்களுக்கு அழைப்பு வரவில்லை. வந்தது வீட்டைக் காலி பண்ணச் சொல்லும் ஆள்தான். அந்த ஆள் கழுத்தில் அப்பாவின் பித்தளை விசில் இருந்தது. முதலாளியம்மா அதன்பின் வேறு தெரு வழியாகக் கோயிலுக்குப் போனார். அப்பா மற்ற அளங்களில் கேட்டுப் பார்த்தார். ஜனத்தை விட்டு முதலாளியைக் கத்த வைத்தவன் என்று பேர் ஆகிவிட்டது. மேஸ்திரி வேலை வேண்டாம், உப்பாவது வாருகிறேன் என்று கேட்டார். யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

கத்தினவர்கள் எல்லாரும் அந்தத் தையில் அளத்துக்குப் போனார்கள். போகாமல் என்ன செய்வார்கள், வயிறு இருக்கிறதே. கோலி மாமாவையும் முதலாளி வேலையை விட்டு எடுக்கவில்லை. நல்ல கோலி கிடைப்பது கஷ்டம்.

நாங்கள் பிரம்மதேசம் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குப் போனோம். கல் அறுக்கிற குடும்பத்துக்குக் குடிசை தருவார்கள். நானும் மண் சுமந்தேன். ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் என் இடம் காலியாக இருந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இந்தக் குரூப்பில் இருக்கிறாள், அவளைக் கேளுங்கள். பிறகு நான் தனியாகப் பரீட்சை எழுதி, பால்வாடி டீச்சராகி, இப்போது பெரிய முதலியார்சாவடியில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்து நம்பர் வாங்கிச் சேர்த்தீர்கள். 'எங்கடி காணாமப் போயிட்ட?' என்று கேட்டீர்கள். கல்யாண வீட்டில் என்ன சொல்வது? சிரித்து வைத்தேன்.

வருஷா வருஷம் பொங்கலுக்குக் கோலி மாமா கரும்புக் கட்டோடு சூளைக்கு வருவார். அம்மா அவருக்குச் சோறு போடுவாள், பேச மாட்டாள். அந்தப் பொங்கலுக்குப் பிறகு தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, மெதுவாக ஆரம்பிப்பார்.

"டேய், அன்னிக்கு எந்தப் பக்கத்துலேர்ந்துடா மொதல்ல கத்துனாங்க?"

"தெக்குப் பக்கம் மாமா. அப்பறம் பொம்பளைங்களே எழுந்துட்டாங்க."

"பொம்பளைங்களுமா?"

அவருக்கு எல்லாம் தெரியும். வருஷா வருஷம் கேட்ட கதைதான். ஆனாலும் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்பார். சூளைப் புகையில் சிவந்துபோன கண் பளபளக்கும். அந்த நேரம் பார்த்து அம்மா ஏதாவது பாத்திரத்தை டமாலென்று போடுவாள். எனக்கு அப்பா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வரும். நம் வீட்டைப் பறித்த சத்தத்தை இப்படி ருசித்துக் கேட்கிறாரே என்று இருக்கும். இப்போது ஆத்திரம் இல்லை, வருத்தம்தான். அந்த மனிதனுக்காக ஓர் ஊரே எழுந்து நின்று கத்தியிருக்கிறது. அதையும் விட்டால் அவரிடம் வேறு என்ன இருந்தது?

சூளைப் புகை நெஞ்சில் சேர்ந்து அவர் போனார். நாங்கள் சொல்லி அனுப்பியது மாமாவுக்கு மட்டும்தான். டீம் முழுக்க ஒரு மினி லாரியில் வந்து இறங்கியது. எல்லாரும் கிழவர்கள். டீக்கடைக்காரர் ஒருத்தர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மாமா ஒரு பழைய பச்சை ஜெர்சியைக் கொண்டுவந்து அப்பாவின் மார்பில் போர்த்தினார். அது சாயம் போய்ச் சாம்பல் நிறத்தில் இருந்தது. தூக்குகிற நேரம் மாமா அம்மாவிடம் வந்து குனிந்து நின்றார்.

"அக்கா, ஒரே ஒரு தபா நாங்க எல்லாரும் அன்னிக்கு மாதிரி கத்தி அனுப்பறோம். மாமாவுக்குப் புடிக்கும். வேணாம்னு சொல்லாத."

அம்மா தலையை நிமிர்த்தித் தம்பியைப் பார்த்தாள். பிறகு அந்தக் கிழவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசினாள்.

"கத்துங்கடா. இப்பக் கத்துங்க. இனிமே அவர வேலைய வுட்டு எடுக்க ஒருத்தனாலயும் முடியாது."

யாரும் கத்தவில்லை. மாமா பாடையின் முன்பக்கம் போய்த் தோள் கொடுத்தார்.